வயிறு கீறிய அன்றும் டிக்கட் கிழித்தவன்

உலகத்தில் உழைப்பாளிகள் ஏராளம். ஆனால் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் தன் வயிறு கீறப்பட்டுக்கொண்டிருந்த அதே காலைப்பொழுதில், கல்முனை பஸ்ஸின் மிதிபலகையில் நின்று டிக்கட்டும் கிழித்த உழைப்பாளி ஒருவன்தான். அவன் சாய்ந்தமருதுக் கச்சிமுகம்மது. இது கட்டுக்கதையல்ல, கையொப்பமிட்ட சாட்சி இருக்கிறது. கையொப்பமிட்டவர் கீழ்க்கரை பஸ் கம்பனியின் கல்முனை மனேஜர் ஸைனுலாப்தீன். கஞ்சி மடிப்புக் கலையாத சட்டை போடும் பெரிய மனிதரின் கையொப்பம் பொய் சொல்லுமா?

கச்சிமுகம்மதுவின் வாப்பா கரைவலை இழுத்தவர். அவர் மௌத்தானபோது கச்சிமுகம்மதுவுக்கு ஒன்பது வயது. மூத்தவள் ஸுலைஹாவுக்கு இருபது. அவள் பன்பாய் இழைத்து விற்று அவனை ஐந்தாம் வகுப்பு வரை படிப்பித்தாள். அவளும் ஐந்தாம் வகுப்புத்தான். ஆனால் அந்த ஐந்து வகுப்பையும் முழுதாகப் படித்தவள். தெருவில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருவார்கள். ஒரு பிஸ்கட் தகரத்தில் பிறப்புப் பத்திரம் முதல் ஊசி போட்ட துண்டு வரை குடும்பத்தின் காகிதங்கள் எல்லாம் வருட ஒழுங்கில் அடுக்கியிருக்கும்.

பதினாறு வயதில் கச்சிமுகம்மது பஸ் கழுவப் போனான். பத்து வருடம் கழுவியும் மூட்டை ஏற்றியும் நின்ற பிறகு, 1951இல் கொண்டக்டர் லைசனும் நானூற்றுப் பதினேழு என்று இலக்கம் வெட்டிய, சட்டையில் குத்தும் பித்தளை வில்லையும் கிடைத்தன. அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வழியாக மட்டக்களப்புக்குப் போகும் காலை பஸ் அவனுடையது. பஸ்ஸின் கூரையில் சாமான் அடுக்குவதற்கு அவனிடம் ஒரு சட்டம் இருந்தது. மீன்கூடை பின்னுக்கு, தயிர்ச் சட்டி முன்னுக்கு, மருதமுனைச் சாரன் கட்டுகள் நடுவில். மழை இருட்டினால் படங்கு முதலில் மூடுவது சாரன் கட்டை. காரைதீவில் ஏறும் வாத்தியார்மாரின் வெள்ளை வேட்டியில் மீன் தண்ணீர் சொட்டியது என்ற முறைப்பாடு அவன் காலத்தில் ஒருநாளும் வந்ததில்லை. தன் கையில் சில்லறை இல்லாத நாளில், கிழவிகளுக்கு மிச்சக் காசை மறுநாள் தேடிப்போய்க் கொடுப்பான்.

இதற்கெல்லாம் ஊர் கொடுத்த பட்டம் ‘மிதிபலகைக் கச்சி’.

கலியாணம் பேசப் போனபோது மூன்று வீடுகள் கதவைச் சாத்தின. நமது பகுதியில் பெண்ணோடு வீடும் கொடுக்க வேண்டும். “பஸ்ஸில தொங்கிறவனுக்கு வீடு எதுக்கு? தொங்கிற இடத்திலேயே குடும்பம் நடத்தட்டுமே” என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். சொன்னவர் வேறு யாருமில்லை, ஸைனுலாப்தீனின் மச்சினன். கடைசியில் சித்தி லைலாவின் வாப்பா, “கை சுத்தமான புள்ள. எனக்கு அது காணும், வேறொண்டும் வேணாம்” என்று தன் மகளைக் கொடுத்தார்.

பிறகு 1957 வந்தது. பஸ் கம்பனிகளை எல்லாம் அரசாங்கம் எடுக்கப்போகிறது, வருகிற தை மாதம், அதாவது ஜனவரி, முதலாந் திகதியிலிருந்து எல்லாம் ஒரே சபை, கம்பனிப் பட்டியலில் பெயர் உள்ள வேலையாட்கள் அப்படியே அரசாங்க ஆட்கள் ஆவார்கள் என்று செய்தி வந்தது. அவ்வளவுதான். பஸ்ஸில் தொங்குவது ஒரே இரவில் உத்தியோகமாகிவிட்டது. மூன்று வீட்டுக்காரர்களும் கச்சிமுகம்மதுவுக்குச் சலாம் சொல்லத் தொடங்கினார்கள். வெட்கம் என்பது சிலருக்குச் செருப்பு மாதிரி. வேண்டிய வீட்டு வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள்.

மனேஜர் ஸைனுலாப்தீனுக்கு ஒரு மகள் இருந்தாள். மகளுக்கென்று முடிவு செய்த மாப்பிள்ளையும் இருந்தான். அவருடைய தங்கையின் மகன் றஸாக். அவனுக்கு இல்லாதது ஒரு தொழில் மட்டுமே. கொழும்பில் ஒரு கடையில் ஐந்து மாதம் நின்றான். ஆறாம் மாதம் நிற்பதால் கால் வலிக்கிறது என்று திரும்பிவிட்டான். கணுக்கால் வரை வெள்ளைக் களிசானும், தலையில் கிறீமும், கையில் கண்ணாடி பதித்த சீப்புமாகக் கல்முனைச் சந்தியை அவன் காவல் காத்துவந்தான். அரசாங்க மாப்பிள்ளை என்று சொல்லிக்கொள்ள அவனைப் பட்டியலில் ஏற்ற வேண்டும். பட்டியலிலோ இடம் இல்லை.

இடத்தைக் கச்சிமுகம்மதுவின் அடிவயிறு கொடுத்தது.

பதினாறு வருடம் நெல் மூட்டைகளை ஏணியில் ஏற்றியவனுக்கு அடிவயிற்றின் ஓரத்தில் ஒரு கட்டி புடைத்தது. இரண்டு வருடம் அதைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்தான். கார்த்திகை மாதம் ஒருநாள் களுவாஞ்சிகுடியில் மூட்டையோடு ஏணியில் ஏறியவன் பாதியில் நின்றுவிட்டான். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. டிரைவர் தம்பிமுத்து வந்து மூட்டையை வாங்கி, பிறகு அவனை வாங்கினான்.

கல்முனை டொக்டர் ஐயா அழுத்திப் பார்த்தார். “குடல் இறங்கியிருக்கு. வெட்டித் தைக்க வேணும். இன்னும் ரெண்டு மூட்டை தூக்கினா மூட்டை இருக்கும், நீ இருக்கமாட்டாய்” என்றார். மட்டக்களப்புப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினார். திகதி மார்கழி ஐந்து. அதற்குப் பிறகு ஒரு மாதம் படுக்கை, மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது.

கச்சிமுகம்மது கத்திக்குப் பயப்படவில்லை. அவன் பயந்தது திகதிக்கு. மார்கழி முழுவதும் படுத்துக் கிடந்தால், மார்கழி முப்பத்தொன்றில் எண்ணப்படும் தலைகளில் அவன் தலை இருக்குமா? பதினாறு வருடம் தொங்கியவன் பதினேழாம் வருட வாசலில் விழுந்துவிடக் கூடாது. இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில்.

“தை பிறந்ததுக்கு மறுகா வெட்டினா என்ன ராத்தா?” என்று கேட்டான்.

“தைக்கு மறுகா நீ இரிக்க வேணுமே, வெட்ட” என்றாள் ஸுலைஹா. “லீவு கேப்பம். எழுத்தில கேப்பம்.”

மார்கழி இரண்டாந் திகதி பின்னேரம் இருவரும் மனேஜரின் வீட்டுக்குப் போனார்கள். ஸைனுலாப்தீன் சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருந்தார். கச்சிமுகம்மது முன்னால் நின்றான். ஸுலைஹா முக்காட்டை இழுத்துவிட்டு, அந்த வீட்டுப் பெண்களோடு உள்கதவு நிலையருகே நின்றாள்.

“ஒரு மாசம் லீவு வேணும் மனேஜர். டொக்டர்ட துண்டு இரிக்கு.”

“ஒரு மாசம் என்ன, ஒண்டர மாசம் எடு மனே! வருத்தம் வாறது மனிசனுக்குத்தானே. இது ஆர்ட கம்பனி? ஒன்ட கம்பனி.”

“அவன்ட கம்பனியெண்டா அவனே எழுதி அவனே கையொப்பம் வெச்சுக்குவான் தம்பி” என்று கதவருகிலிருந்து குரல் வந்தது. “ஒங்கட கம்பனி எண்டபடியாத்தான் ஒங்கட கையொப்பம் கேட்டு வந்த.” எழுதிக்கொண்டு வந்திருந்த கடிதத்தை மனேஜரின் மனைவி கையில் கொடுத்து அனுப்பினாள். இன்ன நோய்க்கு, இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை லீவு வேண்டும். வேலை தனக்கே இருக்க வேண்டும். கீழே மனேஜர் கையொப்பமிட ஒரு கோடு.

ஸைனுலாப்தீன் அந்தக் கோட்டைப் பல்லியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “என்ன ராத்தா இது? நமக்குள்ள கடுதாசியா? மூக்கொழுகின காலத்திலயிருந்து என்னத் தெரியும். வாய் வார்த்த காணாதா?”

“குடுக்கல் வாங்கலை எழுதி வைங்க எண்டு குர்ஆன்லயே சொல்லியிரிக்கே தம்பி.”

“அது கடனுக்கு. இது பாசம்.” அவர் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “பாசத்துக்குக் கையொப்பம் கேட்டா அல்லாஹ்வுக்கே பொறுக்காது. நீ போய் வெட்டிக்கிட்டு வா மனே. ஒன்ட இடம் ஒனக்குத்தான். அந்த வில்லையை மட்டும் இஞ்ச வெச்சிட்டுப் போ. ஆஸ்பத்திரியில களவு கூடுதல்.”

கச்சிமுகம்மது சட்டையிலிருந்து வில்லையைக் கழற்றி மேசையில் வைத்தான். பித்தளை அன்று காலை துலக்கியது, மின்னியது.

“லைசன் புத்தகத்தையும் தந்திட்டுப் போ மனே.”

“அது வீட்டில கிடக்கட்டும் தம்பி” என்றாள் ஸுலைஹா. “படம் ஒட்டின புத்தகம். படத்தில இரிக்கிறவனுக்குத்தான் அது உதவும்.”

வீட்டுக்கு வந்ததும் அவள் கடிதத்தின் கையொப்பக் கோட்டை மட்டும் விட்டுவிட்டுப் புதிதாகப் பிரதி எழுதினாள். “நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போற வழியில இதைக் கல்முனைத் தபால் கந்தோர்ல றெஜிஸ்டர் பண்ணு. கிடைச்சதுக்குக் கையொப்பம் வாங்கித் திருப்பி அனுப்புற அட்டையும் சேத்து.”

“கையில குடுத்தே வேணாமெண்டவர் தபால்ல வந்தா எடுப்பாரா?”

“எடுப்பாரு. அவருக்கு வாசிக்கிற கடுதாசியிலதான் பயம். வாசிக்காத கடுதாசியில எங்கயும் கையொப்பம் வெப்பாரு.”

அவள் சொன்னதில் பிழை இல்லை. ஸைனுலாப்தீனின் கையொப்பம் ஊரறிந்த ஒன்று. வாலும் சுழியும் புள்ளியுமாக ஒரு சாண் நீளம் வரும். அதைப் போட அவருக்கு அவ்வளவு ஆசை. காகிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது சிறியவர்களின் வேலை என்பது அவர் எண்ணம்.

மார்கழி ஐந்தாந் திகதி, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்குக் கச்சிமுகம்மதுவின் வயிறு கீறப்பட்டது. கண்விழித்தபோது வாயில் மருந்து நாற்றம், வயிற்றில் நெருப்பு. அல்ஹம்துலில்லாஹ் என்றான். பிறகு விரலை மடித்து முப்பத்தொன்றுக்கு எத்தனை நாள் என்று எண்ணினான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ் மட்டக்களப்பில் தரித்து நிற்கும் பகல் நேரத்தில் தம்பிமுத்து பார்க்க வந்தான். காரைதீவு ஆள், ஆறு வருடம் ஒரே பஸ்ஸில் ஒன்றாக ஓடியவர்கள்.

“என்ன கச்சி, வெட்டினாங்களா, இல்ல ஒன்ட மூஞ்சியப் பாத்திட்டு மூடிட்டாங்களா?”

“சிரிக்க வெக்காதீங்க அண்ணன். தையல் அறுந்திரும். பஸ் எப்பிடி?”

“பஸ் சுகம். ஒன்ட வில்லையும் சுகம். முந்தநாள் களுதாவளையில ஒரு கிழவிட தயிர்ச் சட்டிக்குள்ள கால வெச்சிச்சு.”

கச்சிமுகம்மதுவுக்குச் சிரிப்பு நின்றது. “என்ட வில்லையா?”

“றஸாக் போட்டிரிக்கான். பட்டுச் சட்டையில குத்தியிரிக்கான். அவன் மேல ஏறமாட்டான், களிசான் அழுக்காகுமாம். சனம்தான் தன்ட தன்ட மூட்டைய ஏத்துது. மீன்கூடைய முன்னுக்கு வெச்சு, நேத்து வாத்தியார் ஒருத்தர் பள்ளிக்கூடத்துக்குப் போகாம குளிக்கப் போயிட்டாரு.”

“அவனுக்கு லைசன் இல்லையே! கல்லாத்துல பொலிஸ் மறிச்சா?”

“மறிச்சாங்க. பயணத் தாளப் பாத்திட்டுச் சார்ஜன் கேட்டாரு, ‘நீதானா கச்சிமுகம்மது?’ எண்டு. இவன் நெஞ்ச நிமித்தி ‘ஓம் சேர், நான்தான்’ எண்டான். நான் ஸ்டேரிங்கப் புடிச்சிக்கிட்டுக் கடலப் பாத்தன்.”

பயணத் தாள் என்பது ஒவ்வொரு நாளும் பஸ் புறப்படுமுன் மனேஜர் எழுதித் தர வேண்டியது. எந்த பஸ், எந்த டிரைவர், எந்தக் கொண்டக்டர், வில்லை இலக்கம் என்ன, எங்கே போகிறது என்று அதில் இருக்கும். தம்பிமுத்து குரலைத் தாழ்த்தினான். “தெரியுமா, மார்கழி முப்பத்தொரு நாளுக்குமான தாளையும் மனுசன் ஒரே இருப்பில எழுதிக் கையொப்பம் வெச்சிட்டாரு. ஒவ்வொரு நாளும் காலமை அஞ்சு மணிக்கு எழும்பக் கள்ளம். கட்டாக் கட்டி என்ட கையில தந்திட்டாரு. எல்லாத்திலயும் கொண்டக்டர் நீதான். வெட்டின அண்டைக்கும் நீ வேலைக்கு வந்த!”

“நீங்க ஒண்டும் கேக்கல்லையா அண்ணன்?”

தம்பிமுத்து போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தான். “எனக்கும் அஞ்சு புள்ள கச்சி. பட்டியல் எழுதிறதும் அந்தக் கைதானே.”

அவன் போன பிறகு கச்சிமுகம்மது முகட்டைப் பார்த்துக் கிடந்தான். இரண்டு பேர் ஒரு பெயரில் வேலை செய்யும்போது, ஒருவனைத் துடைக்க வேண்டுமானால் எவனைத் துடைப்பார்கள்? படுத்துக் கிடப்பவனைத்தான்.

இருபதாந் திகதிக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். அதற்குள் மழை பிடித்தது. அந்த மழையைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குளங்கள் உடைந்தன, வயல்கள் கடலாயின, தென்பாதை முழுக்கத் தண்ணீருக்குக் கீழே போனது. பஸ் இல்லை, தபால் இல்லை. தையல் ஆறியும் கச்சிமுகம்மது ஆஸ்பத்திரி விறாந்தையில் பாய் போட்டுக் கிடந்தான். இருபத்தொன்பதாந் திகதிதான், பாதித் தூரம் தோணியிலும் மீதித் தூரம் லொறியிலுமாக, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். வீட்டுக்குப் போகுமுன் கம்பனிக் கந்தோருக்குத்தான் போனான்.

மனேஜர் அவனைப் பார்த்ததும், இறந்தவன் எழுந்து வந்ததுபோலத் திடுக்கிட்டார். பிறகு பாசம் முகத்தில் ஊறியது.

“மனே! எப்பிடி இளைச்சுப் போனாய்! போய்ப் படு, போ.”

“வில்லைக்கு வந்தன் மனேஜர்.”

“வில்லை…” அவர் ஒரு காகிதத்தைத் தேடுவதுபோலத் தேடினார். “நீ வேலைய விட்டுட்டுப் போனாய்தானே மனே.”

“நானா? லீவு கேட்டுத்தானே போனன். ஒங்கட வீட்டில வெச்சி.”

“வாயால கேட்டாய். எழுத்தில ஒண்டும் இல்லையே. கம்பனிக்கு எழுத்துத்தான் சாட்சி.” இதைச் சொல்லும்போது அவர் கண்கூடச் சிமிட்டவில்லை. “பட்டியல் போயிட்டு. ரெண்டாந் திகதி நீ விலகின. மூணாந் திகதி றஸாக் சேந்த. ஒன்ட நன்மைக்குத்தான் மனே. மூட்டை தூக்க ஏலாதவன் கொண்டக்டரா? வயித்துல தையல் போட்டவன அரசாங்கம் எடுக்குமா? ஒரு பெட்டிக்கடை போடு. நான் சொல்லி இடம் எடுத்துத் தாறன்.”

வாசலில் சாய்ந்து நின்ற றஸாக் சீப்பால் தலையை வாரினான். “டொக்டர் பாரம் தூக்க வேணாமெண்டாராமே மச்சான்? பீடிக்கட்டுப் பாரமில்ல.”

அவன் நெஞ்சில் நானூற்றுப் பதினேழு களிம்பு பிடித்துக் கிடந்தது. துலக்காமல் ஒரு மாதம்! கச்சிமுகம்மதுவுக்கு வேலை போன கவலையை மீறி அந்தக் களிம்புதான் கண்ணில் குத்தியது.

வீட்டில் சித்தி லைலா அழுதாள். “பள்ளிவாசல் மரைக்கார்மாரிட்டச் சொல்லுங்களன். நாலு பெரிய மனிசர் கேட்டா…”

“அந்த நாலு பேரும் மனேஜர்ட பஸ்ஸில காசில்லாமப் போறவங்க புள்ள” என்றாள் ஸுலைஹா. தகரத்தைத் திறந்தாள். மூன்று காகிதங்களை எடுத்துப் பாயில் வரிசையாக வைத்தாள். ஆஸ்பத்திரி அட்டை, அவன் வந்தவுடனேயே அதை வாங்கி உள்ளே போட்டிருந்தாள். படம் ஒட்டிய லைசன். தபால்காரன் கொண்டுவந்த அந்த அட்டை, மூலையில் ‘கச்சிமுகம்மதுவின் லீவுக் கடிதம்’ என்று ஸுலைஹாவின் எழுத்து. அதில் வாலும் சுழியும் புள்ளியுமாக ஒரு சாண் நீளத்துக்கு ஸைனுலாப்தீன்.

“முப்பத்தொண்டுக்கு சபை ஆள் வாறாராம். நீ போய் நில். ஒண்டும் கதைக்காத, அழாத, தையலக் காட்டாத. கேட்டா மட்டும் ஒவ்வொண்டா எடுத்து வை. மூணையும் ஒண்டா வெச்சா குப்பையெண்டு நினைப்பாங்க.”

மட்டக்களப்பிலிருந்து வந்த சபை ஆள் ஒரு பறங்கிக்காரர், பாத்தலோட் துரை என்பார்கள். வெள்ளத்தில் நனைந்த சப்பாத்தோடும் மூக்கடைத்த தடிமனோடும் வந்திருந்தார். அவர் இரக்கக்காரர் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டு நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும் என்பதே அவர் கவலை. ஆனால் ஒன்றோடொன்று ஒத்துவராத இரண்டு தாளை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கந்தோர் முற்றத்தில் வேலையாட்கள் வரிசையாக நின்றார்கள். கச்சிமுகம்மது வரிசைக்கு வெளியே, புளியமரத்தின் கீழ் நின்றான்.

“எம். றஸாக். மூணாந் திகதி சேந்தவர். லைசன்?”

றஸாக் மாமாவைப் பார்த்தான். மாமா முன்னே வந்தார். “வந்துக்கிட்டிரிக்கு சேர். வெள்ளத்தால தபால் சுணங்கிட்டு.”

“அப்ப லைசன் இல்லாமலா ஒரு மாசம் பஸ்ஸில ஓடவிட்ட? பொலிசுக்குச் சொல்ல வேணுமே.”

ஸைனுலாப்தீன் பயணத் தாள் கட்டைத் துரையின் முன்னால் தள்ளினார். “இல்ல இல்ல சேர்! ஓட்டத்துக்கு லைசன்காரன்தான். தாளப் பாருங்க. நானே கையொப்பம் வெச்சிரிக்கன்.”

துரை தாள் கட்டைப் பிரித்தார். மூக்கைச் சிந்திக்கொண்டே ஒவ்வொன்றாகப் புரட்டினார். “கச்சிமுகம்மது, நானூத்திப் பதினேழு… கச்சிமுகம்மது… கச்சிமுகம்மது… ஒவ்வொரு நாளும் வந்திருக்கார். நல்ல வேலையாள்.” பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். “ஆனா ரெண்டாந் திகதி வேலைய விட்டு விலகினார் எண்டும் நீங்கதானே எழுதியிருக்கிற? விலகின பிறகு இருபத்தொம்பது நாள் வேலை செஞ்சிருக்காரே?”

வரிசையில் யாரோ இருமினான். அது இருமல் போலக் கேட்கவில்லை.

“மறந்து… கை மாறி…”

“இருபத்தஞ்சாந் திகதி. பஸ் மட்டக்களப்புக்குப் போய் வந்த எண்டு கையொப்பம். அண்டைக்கு நத்தார். எங்கட தெருவில நான் பூசைக்குத் தோணியில போன. ஒங்கட பஸ் எந்தத் துறையால வந்த மனேஜர்?”

இப்போது இருமியவர்கள் பலர். தம்பிமுத்து மட்டும் இருமவில்லை. கடல் இருக்கும் திசையைப் பார்த்தான்.

“ஆர் இந்தக் கச்சிமுகம்மது?”

புளியமரத்தடியிலிருந்து அவன் மெல்ல நடந்து வந்தான். அவனால் வேகமாக நடக்க முடியவில்லை. ஐந்தாந் திகதி எங்கே இருந்தாய் என்று துரை கேட்டார். ஆஸ்பத்திரி அட்டையை மேசையில் வைத்தான். லீவு கேட்டாயா என்றார். தபால் அட்டையை வைத்தான். நீதான் அந்த ஆள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார். லைசனை வைத்தான்.

துரை படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தபால் அட்டையை மனேஜரின் பக்கம் தள்ளினார். “இது ஆர்ட கையொப்பம்?”

“என்ட மாதிரி இரிக்கு.”

“மாதிரியா? இந்த நீளத்துக்கு இலங்கையில வேற ஒராள் கையொப்பம் வெக்கிறாரா?”

ஸைனுலாப்தீனுக்கு இரண்டே வழி. றஸாக்தான் ஓடினான் என்றால் லைசன் இல்லாதவனை ஓடவிட்டதற்குப் பொலிஸ். கச்சிமுகம்மதுதான் ஓடினான் என்றால் விலகினான் என்று எழுதியது பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனவர், இரண்டு பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சோறுதான் இல்லை.

துரைக்குப் பசித்தது. “லீவுக் கடுதாசி ஒங்கட கையில கிடைச்சிருக்கு. ஏலாதெண்டு நீங்க மறுகடுதாசி எழுதல்ல. அவர்ர இடத்துக்கு வேற லைசன்காரனப் போடவும் இல்ல. ஆகவே ஆள் விலகல்ல, வருத்தமாக் கிடந்தவர்.” பேனையால் றஸாக்கின் பெயரை வெட்டினார். கச்சிமுகம்மதுவின் பெயரை எழுதி, ‘மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது’ என்று ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்துப் பக்கத்தில் குறித்தார். “தம்பி, வில்லையைக் கழட்டு.”

றஸாக் ஒரு மாதமாகக் கழற்றாத ஊசி துருப்பிடித்து இறுகியிருந்தது. இழுத்தான். பட்டுச் சட்டை விரல் நீளத்துக்குக் கிழிந்தது. கச்சிமுகம்மது வில்லையை வாங்கி முதலில் சாரன் நுனியால் துடைத்தான். பிறகுதான் குத்தினான்.

மனேஜருக்குச் சபையில் ஒரு பெரிய கதிரை கிடைக்கும் என்று ஊரில் பேச்சிருந்தது. துரையின் குறிப்புக்குப் பிறகு சின்ன ஸ்டூல்கூடக் கிடைக்கவில்லை. றஸாக்கின் கலியாணம் பின்னுக்குப் போனது. பாசத்துக்குக் கையொப்பம் தேவையில்லை என்ற மாமா, மாப்பிள்ளைக்குத் தொழில் அத்தாட்சி கேட்டாராம்.

பங்குனி மாதம் ஒரு பின்னேரம். அக்கரைப்பற்றுக்குத் திரும்பும் பஸ் கல்முனைச் சந்தியில் நின்றது. ஸைனுலாப்தீன் வந்தார். பின்னால் நெல் மூட்டையோடு றஸாக். முன்னாள் மனேஜர் வழக்கம்போல முன் ஆசனத்தில் அமர்ந்து வெளியே பார்த்தார்.

“டிக்கட்” என்றான் கச்சிமுகம்மது.

“என்ன மனே, என்னயும் தெரியல்லையா?”

மனேஜர் என்று அழைத்த வாய் இப்போது அண்ணன் முறை வைத்தது. “தெரியும் காக்கா. ஒங்கட கையொப்பம்கூடத் தெரியும். எங்க எறங்கிற?”

காரைதீவு வாத்தியார் ஒருவர் புத்தகத்தால் வாயை மறைத்தார். ஸைனுலாப்தீன் மடியை அவிழ்த்துக் காசை எடுத்தார். அவர் வாழ்நாளில் வாங்கிய முதல் டிக்கட் அதுவாக இருக்க வேண்டும். எந்தக் கையால் வாங்குவது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

“மச்சான், மூட்டை…” என்றான் கீழே நின்ற றஸாக்.

“டொக்டர் பாரம் தூக்க வேணாமெண்டிரிக்காரு மச்சான். துரையும் எழுதியிரிக்காரு. ஏணி பின்னுக்கு இரிக்கு. மீன்கூடைக்குப் பக்கத்தில வை, தயிர்ச் சட்டியில கால வெச்சிராத.”

வெள்ளைக் களிசான் ஏணியில் ஏறியது. மேலிருந்து மீன் தண்ணீர் ஒரு கோடாக இறங்கி அதை நனைத்தது. தம்பிமுத்து ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தான். இந்தமுறை தோள் குலுங்கியது.

ஸைனுலாப்தீன் டிக்கட்டைக் கசக்கி ஜன்னலால் எறியப் போனார்.

“எறிஞ்சிராதீங்க காக்கா” என்றான் கச்சிமுகம்மது. “நடுவழியில செக்கர் ஏறுவாரு. அவருக்கு வாய் வார்த்த காணாது.”

மணிக் கயிற்றை இழுத்தான். பஸ் புறப்பட்டது.